இடது பக்கத்துப் பூச்சு

போன மாதம் ஓர் இளைஞர் போன் செய்தார். நண்பர்கள் சிலர் சேர்ந்து வீட்டிலேயே எலக்ட்ரோஸ்டாட்டிக் ஸ்பீக்கர் செய்கிறார்களாம். யாரோ என் நம்பரைக் கொடுத்திருக்கிறார்கள். "சார், டயஃப்ரத்துல எந்தக் கோட்டிங் போட்டா ரொம்ப நாள் நிக்கும்? இன்டர்நெட்டுல ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க" என்று கேட்டார். எனக்குத் தெரிந்த பதில் ஒரு வரிதான். அதைச் சொல்லாமல், பிறகு கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டேன். இன்னும் கூப்பிடவில்லை. அதற்குப் பதிலாக இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சாதாரண ஸ்பீக்கரில் காந்தமும் காகிதக் கூம்பும் இருக்கும். இதில் இரண்டும் கிடையாது. ஓட்டை போட்ட இரண்டு இரும்புத் தகடுகளுக்கு நடுவே, சாப்பாடு கட்டும் பிளாஸ்டிக் தாளைவிட மெல்லிய ஒரு பாலியெஸ்டர் பிலிமை முரசுத் தோல்போல இழுத்துக் கட்டியிருக்கும். அதுதான் டயஃப்ரம். அதற்கு ஆயிரக்கணக்கான வோல்ட் கொடுத்துவைக்க வேண்டும். வெறும் பிலிம் மின்சாரத்தை ஏற்காது. அதனால் அதன்மேல் ஒரு பூச்சு. கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெல்லிய பூச்சு. இதன் உயிரே அதில்தான் இருக்கிறது. பூச்சு கெட்டால் ஸ்பீக்கர் ஒரேயடியாகச் சாகாது. சத்தம் மாதக்கணக்கில் மெல்ல மெல்லத் தேயும். தேய்கிறதா, நமக்குத்தான் அப்படித் தோன்றுகிறதா என்று கேட்கிறவருக்கே சந்தேகம் வந்துவிடும்.

அந்தச் சந்தேகத்தில்தான் என் மேலதிகாரி சுப்பராமன் சார் தன் இடது காதைத் தொலைத்தார். காதோடும் போகவில்லை.

நான் வேலை பார்த்தது திருவனந்தபுரத்தில், ஆஸ்பத்திரிக் கருவிகளைப் பழுதுபார்த்துச் சரிபார்த்துக் கொடுக்கும் ஒரு நிலையத்தில். எங்கள் பிரிவுக்கு வருவது ஆடியோமீட்டர், அதாவது காது கேட்கிறதா என்று சோதிக்கும் கருவி. சேர்ந்த முதல் சில வருஷங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. கழற்றினேன், மாட்டினேன், திட்டு வாங்கினேன். நாகர்கோவிலிலிருந்து வந்த எனக்கு மலையாளம் ஆபீஸில் படிந்தது, வேலை சுப்பராமன் சாரிடம் படிந்தது.

அவர் கோட்டைக்குள் இருக்கும் அக்ரஹாரத் தெரு ஒன்றில் பிறந்து, அதே வீட்டில் குடியிருந்தவர். குரலை உயர்த்த மாட்டார். கோபம் வந்தால் இங்கிலீஷ் வரும், அவ்வளவுதான். நாங்கள் சரிசெய்த கருவியை வெளியே அனுப்புமுன் மீட்டரில் ஆயிரம் அளவு எடுத்திருப்போம். அதெல்லாம் முடிந்தபின் அவர் காதில் அது தேற வேண்டும். இயர்போனின் ரப்பரை ஸ்பிரிட்டில் துடைப்பார், கண்ணை மூடுவார். அப்போது அறையில் யாரும் காகிதம்கூடப் புரட்டக் கூடாது.

அதில் அவருக்கு ஒரு விதி உண்டு. சிவப்பு இயர்போன் வலது காதுக்கு, நீலம் இடது காதுக்கு என்பது நோயாளிக்கு. கருவியைச் சரிபார்க்கிறவன் அப்படிப் போடக் கூடாது. சிவப்பு, நீலம் இரண்டையும் ஒரே காதில்தான் மாற்றி மாற்றி வைத்துக் கேட்க வேண்டும். அவர் வலது காதில் கேட்பார்.

இந்த விதியின் அருமையை நான் பார்த்தது விதுரா பக்கம் ஒரு பள்ளிக்கூட முகாமில். எஸ்டேட் தொழிலாளிகளின் குழந்தைகளுக்குக் காது சோதனை. வரிசையில் வருகிற குழந்தைக்கெல்லாம் இடது காது மந்தம் என்று எழுதிக்கொண்டே போகிறார்கள். கல்லாற்றில் குளித்துக் குளித்துக் காதில் சீழ் வைத்திருக்கும் என்று முகாம் டாக்டர் ஒரு முடிவுக்கே வந்துவிட்டார். பெண்ணைப் பெற்ற ஒரு தாய் தமிழில் அழுதுகொண்டிருந்தாள். சுப்பராமன் சார் போய்ச் சோதனையை நிறுத்தினார். இரண்டு இயர்போனையும் கழற்றி, தன் வலது காதில் ஒன்றை வைத்தார், பிறகு மற்றதை வைத்தார்.

"நீலம் செத்துண்டிருக்கு டாக்டர். வயர் உள்ளே அறுந்திருக்கு. கொழந்தைகள் காதை ஒண்ணும் பண்ணிடாதேங்கோ" என்றார்.

திரும்பும் பஸ்ஸில், தம்பானூர் பஸ் ஸ்டாண்ட் வரும்வரை அதையே சொல்லிக்கொண்டு வந்தார். "காது சாமானியத்துல கெடாது, தாணு. யந்த்ரந்தான் கெடும். முதல்ல யந்த்ரத்தைப் பாரு." நான் தலையாட்டினேன். அன்று அது சரியாகவும் இருந்தது.

அவர் வீட்டில் எலக்ட்ரோஸ்டாட்டிக் ஸ்பீக்கர் கட்ட ஆரம்பித்தது தொண்ணூறுகளின் நடுவில். குழந்தை கிடையாது. வீணை கேசட்டுகள்தான் பைத்தியம். கடையில் விற்கிற எந்த ஸ்பீக்கரிலும் தந்தியை விரல் விடுகிற அந்தக் கணம் சரியாகக் கேட்கவில்லை என்பது அவர் குறை. சாலை பஜாரில் ஓட்டைத் தகடு வாங்கினோம், மரச்சட்டம் தச்சனிடம் அடித்து வாங்கினோம். ஆள் உயரத்துக்கு இரண்டு பேனல், கூடத்தின் இரண்டு பக்கமும். ஞாயிற்றுக்கிழமை என்றால் நான் அங்கேதான். "உங்களுக்குச் சார் வீட்டுலயே ஒரு பாயைப் போட்டுத் தரச் சொல்லுங்க" என்பாள் என் மனைவி.

முதல் பூச்சு கிராஃபைட். பூட்டுக்குப் போடுகிற கருப்புப் பொடியைப் பஞ்சால் தேய்த்துத் தேய்த்து, பிறகு அதையும் துடைத்து எடுத்து, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்கு விட வேண்டும். பாடியது. ஜூன் மாதத்து இடவப்பாதி மழை பிடித்ததும் இடது பேனலில் சத்தம் இறங்க ஆரம்பித்தது. திறந்து பார்த்தால், பிலிமின் ஓரத்தில் மின்சாரம் கொடுக்கிற செப்புப் பட்டையை ஒட்டிப் பொடிப்பொடியாகப் பொறி பறந்து, பூச்சைக் கரையான்போல அரித்திருந்தது. இரண்டாவது, சோப்புத் திரவம். மழைக்காலத்தில் பிரமாதம், வெயில் வந்ததும் காய்ந்து ஊமையாகிவிட்டது. அதிலும் முதலில் போனது இடதுதான்.

மூன்றாவதுதான் மெத்தனாலில் கரைகிற ஒரு வகை நைலான். பிளாஸ்டிக் ஆராய்ச்சியில் இருந்த நண்பர் ஒருவரிடம் சார் கெஞ்சி வாங்கி வந்தார். கதவு, ஜன்னல், பேன் எல்லாம் அடைத்துவிட்டு, நூல் உதிராத துணியில் நனைத்து ஒரே திசையில் ஒரே இழுப்பு. திரும்பத் துடைத்தால் திட்டு விழும். அப்படியே நெடி தலைக்கு ஏறும். காய்ந்தபின் இன்சுலேஷன் சோதிக்கும் மெக்கரை வைத்துப் பிலிமின் எல்லா மூலையிலும் அளந்தேன். இரண்டு பேனலும் இரட்டைப் பிள்ளைபோல ஒரே அளவு காட்டின. நம்மூர் ஈரக்காற்று அந்த நைலானுக்குத் தோதாக வாய்த்தது. அன்று வீணை பாடியபோது சார் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

அடுத்த மழைக்குள் ஒரு நாள், ஆபீஸில் டீ குடிக்கும்போது சொன்னார். "தாணு, இடது மறுபடியும் இறங்கறது."

பேனலைத் திறப்பது பெட்டியைத் திறப்பதுபோல அல்ல. திறந்தால் பிலிம் கிழியும். புதுப் பிலிம், புதுப் பூச்சு, மறுபடி முதலிலிருந்து. கிழிவதற்கு முன்னால் மெக்கரை வைத்துப் பார்த்தேன். பழைய பூச்சு போட்ட அன்றைக்கு இருந்தது போலவே இருந்தது. "நல்லாத்தான் இருக்கு சாரே" என்றேன். "இருக்காது. கேக்கறதே" என்றார். புதிதாகப் பூசினோம். சில வாரம் சந்தோஷமாக இருந்தார். பிறகு மறுபடியும் இடது இறங்கியது.

அவர் அசட்டு மனிதர் அல்ல. ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தார். ஆம்ப்ளிஃபயர் வயர்களை மாற்றினார், அப்போதும் இடது பக்கம் மந்தம். சரி, குற்றம் பேனலில் என்றார். இரண்டு பேனலையும் தூக்கி இடம் மாற்றினோம். அப்போதும் இடது பக்கம் மந்தம். அப்படியானால் அந்தச் சுவர்தான் என்றார். அக்ரஹாரத்தில் வீட்டுக்கு வீடு சுவர் ஒன்றுதானே. இடது சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டின் குளியலறை. ஈரம் ஊறி வந்து பூச்சைக் கெடுக்கிறது என்று முடிவு செய்து, பேனலுக்குப் பின்னால் சூட்டுக்கு ஒரு பல்பைக் கட்டித் தொங்கவிட்டார். நான் அனுமதி வாங்கி ஆபீஸ் சவுண்டு மீட்டரைக் கொண்டுவந்து காட்டினேன். இரண்டும் ஒரே அளவு.

"மீட்டர் மொத்தத்தைத்தாண்டா காட்டும். மேல இருக்கற நுணுக்கம் போறதை அது சொல்லாது. அதோட, இடதுல சன்னமா ஒரு இரைச்சல் வர ஆரம்பிச்சிருக்கு. 'ஸ்ஸ்'னு. ஹை வோல்டேஜ் எங்கேயோ கசியறது."

நான் பேனலில் முகத்தை ஒட்டிக் கேட்டேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. "உனக்கு வயசாறது" என்று சிரித்தார். அவரைவிட நான் பதினைந்து வயது இளையவன். பிடித்த பிடியை விடாத மனிதரிடம் என்ன பேசுவது? அதோடு, இரண்டு தடவை அவர் சொன்னதுதான் சரியாக இருந்தது. இரண்டு தடவையும் பூச்சுதான் கெட்டிருந்தது.

இப்படியே இரண்டு வருஷம் ஓடியது. ஆபீஸில் அவர் வலது காது கருவிகளைத் தேர்வு செய்துகொண்டே இருந்தது, ஒரு பிசகும் கிடையாது. விதிப்படி இடது காதுக்கு அங்கே வேலையே இல்லை. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரமாக வருகிறது. ஊரில் இருக்கிற காதுக்கெல்லாம் சோதனைக் கருவி அனுப்புகிற இடம். சோதனை அறை அவர் மேஜையிலிருந்து பத்தடி. இத்தனை வருஷத்தில் அந்த மனிதர் தன் இடது காதுக்கு நீல இயர்போனை வைத்ததே இல்லை.

அவர் மனைவி கோமதி மாமி ஒரு நாள் காப்பி கொடுக்கும்போது என்னிடம் குறைப்பட்டாள். "கூப்பிட்டாத் திரும்பறதில்லே, தாணு. சாப்பிடறச்சே பக்கத்துலதான் ஒக்கார்றேன், ஒரு வார்த்தைக்குப் பதில் கிடையாது. எம்மேல என்ன கோவம்னே தெரியலை." சார் நடையில் தடுக்கி விழப் போனதையும் சொன்னாள். மாமி அவருக்கு இடது பக்கம் உட்காருவது வழக்கம் என்பது எனக்குத் தெரிந்தது பின்னால்தான்.

அப்போதெல்லாம் சாயங்காலம் அரை மணி நேரம் கரண்ட் வெட்டு உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே நேரத்துக்குக் கரண்ட் போனது. ஆம்ப்ளிஃபயர் அணைந்தது, பேன் நின்றது, தெருவே அடங்கியது. மாமி எமர்ஜென்சி விளக்கை எடுக்கப் போனாள். சார் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார்.

"பார்த்தியா? இப்பவும் கேக்கறது அந்த இரைச்சல். இப்போ கேளு, நன்னாக் கேக்கும்" என்றார்.

"கேக்கல்ல சாரே."

"கரண்ட் போனாலும் பிலிம்ல சார்ஜ் நிக்கும். அதாக்கும். கொஞ்சம் பொறு, எறங்கட்டும்."

காத்திருந்தோம். மாமி விளக்கைக் கொண்டுவந்து முக்காலியில் வைத்தாள். எவ்வளவு நேரத்தில் சார்ஜ் இறங்கும் என்று அவருக்கு அத்துப்படி. அந்த நேரம் ஆனது, அதற்கு மேலும் ஆனது. அவர் எழுந்தார். எர்த் கம்பி கட்டிய மரப்பிடிக் கோலை எடுத்தார். ஹை வோல்டேஜைத் தொடும்போது இன்னொரு கை முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும் என்பது எங்களுக்கு அவர் போட்ட சட்டம். தன் இடது கையை அப்படியே பின்னால் மடக்கிக்கொண்டு, கோலை இடது பேனலில் வைத்தார். பொறியில்லை, சத்தமில்லை. மிச்சம் எதுவும் இல்லாத பேனல். கோலை எடுக்காமல் நின்றார்.

"தாணு, ஒனக்கு ஒண்ணும் கேக்கலையோ?"

"இல்ல சார்."

"எனக்குக் கேக்கறது" என்றார்.

கோலைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். மாமி பக்கத்தில் நின்று, "ஏன்னா, என்ன ஆச்சு?" என்று கேட்டாள். இடது பக்கத்தில் நின்று கேட்டாள். அவர் திரும்பவில்லை. அவள் இன்னொரு தடவை கேட்டாள். நான் எழுந்து போய், அவர் வலது தோளைத் தொட்டு, "மாமி கூப்பிடுகா" என்றேன்.

மறுநாள் எல்லாரும் வருமுன்னே ஆபீஸுக்கு வந்துவிட்டார். "என்னை உள்ளே வச்சு டெஸ்ட் பண்ணு" என்றார்.

சோதனை அறைக்கு ஐஸ் தொழிற்சாலைக் கதவுபோலக் கனத்த கதவு உள்ளது. உள்ளே ஒரு நாற்காலி, வெளியே நான், நடுவில் இரட்டைக் கண்ணாடி. அவரே இயர்போனை மாட்டிக்கொண்டார். சத்தம் கேட்டால் விரலைத் தூக்க வேண்டும். வலதில் ஆரம்பித்தேன். கேட்டால் பத்து டெசிபெல் இறக்கு, கேட்காவிட்டால் ஐந்து ஏற்று, அவர் சொல்லிக்கொடுத்தபடியே. வயசுக்கு அருமையான காது. பிறகு இடது. கனத்த ஒலிகளுக்கு விரல் எழுந்தது. கீச்சென்ற சன்னமான ஒலிகளுக்குப் போகப் போகச் சத்தம் கூட்டும் குமிழைத் திருப்பிக்கொண்டே இருந்தேன், ரொம்ப மேலே போனபின்தான் விரல் அரைகுறையாக எழுந்தது. அவ்வளவாவது இருக்கிறதே என்று எனக்கு மூச்சு வந்தது. அப்போது அவர் மைக்கில் சொன்னார்.

"மாஸ்கிங் போடு, தாணு."

ஒரு காது ரொம்ப மந்தமாக இருந்தால், அதற்குக் கொடுக்கிற உரத்த சத்தம் மண்டை வழியாக நல்ல காதுக்குப் போய்விடும். நல்ல காது கேட்டுவிட்டு, கெட்ட காது கேட்டதாகக் கணக்காகும். அதைத் தடுக்க நல்ல காதில் ஓர் இரைச்சலைப் போட்டு அடைப்பதுதான் மாஸ்கிங். அவர் சொல்லியிருக்காவிட்டால் நான் போட்டிருப்பேனா? தெரியாது. போட்டேன். அதே சத்தத்தை மறுபடி கொடுத்தேன். விரல் எழவில்லை. கருவியின் கடைசி அளவுவரை கொண்டுபோனேன். தொடையின் மேல் அந்தக் கை அப்படியே கிடந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு, கேட்பதற்குத் தன்னால் ஆன மட்டும் முயன்றுகொண்டிருந்தார்.

வெளியே வந்து தாளைப் பார்த்தார். "இயர்போனை மாத்திப் போட்டுப் பாக்கலாம்" என்றார். நீலத்தை எடுத்துத் தன் வலது காதில் வைத்துக்கொண்டார். நான் ஒலி கொடுத்தேன். ஒரு கருவி கெட்டிருக்க வேண்டும் என்று என் சர்வீஸில் நான் சாமியைக் கும்பிட்டது அந்த ஒரு தடவைதான். அவர் முகம் மாறவே இல்லை.

"நன்னா இருக்கு" என்றார். "நீலம் நன்னா இருக்கு."

ஸ்கேனில் காது நரம்பின்மேல் கட்டி வளர்ந்திருந்தது. மூளையின் அடித்தண்டை அமுக்கிக்கொண்டிருந்தது. டாக்டர் நல்ல மனிதர், மலையாளத்தில் மெதுவாகப் பேசினார். புற்று இல்லை, மெல்ல வளரும் ஜாதிதான், ஆரம்பத்திலேயே வந்திருந்தால் சின்னதாக இருந்திருக்கும், சுலபமாக எடுத்திருக்கலாம் என்றார். எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டார். சார் என்னைப் பார்த்தார். மூன்றாவது பூச்சு போட்டது எப்போது என்று நான்தான் சொன்னேன். டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை.

கட்டியை எடுத்தார்கள். கூடவே நரம்பு போனது, முகத்தின் இடது பாதி தொங்கிப் போனது, கண் மூடவில்லை, தண்ணீர் குடித்தால் புரையேறியது. வீட்டுக்கு வந்தபின் ஒரே ஒரு தடவை ஸ்பீக்கரைப் போடச் சொன்னார். வீணை பாடியது. கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "எங்கேர்ந்து வரதுன்னே தெரியலை" என்றார். ஒற்றைக் காதுக்குத் திசை தெரியாது. "எடதை அணைச்சுடு. அதுக்குக் கரண்ட் வீண்." நான் அணைக்கவில்லை. அணைத்துவிட்டேன் என்று சொன்னேன். அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை. நான் வெளியே வந்து தெருவில் நின்று அழுதேன். புரையேறியதில் நெஞ்சில் சளி கட்டி, அடுத்த மழைக்காலத்தில் போய்விட்டார்.

பத்துப் பதினைந்து மழை கண்டாயிற்று. நானும் ஓய்வு பெற்றேன். எங்கள் பிரிவை மூடிவிட்டார்கள், இப்போது கருவிகள் தாங்களே தங்களைச் சரிபார்த்துக்கொள்கின்றனவாம்.

அந்த இளைஞர் கேட்டதற்குச் சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்ல மனம் வரவில்லை. மாமிக்குப் போன் செய்துவிட்டு, கடன் வாங்கிய மெக்கரும் மீட்டருமாகப் போனேன். கூடத்தில் இரண்டு பேனலும் பழைய புடவை போர்த்தி அப்படியே நின்றன. இடதுக்குப் பின்னால் அந்தப் பல்பு இன்னும் தொங்குகிறது. தூசு தட்டி, வயர்களைப் பார்த்து, கரண்ட் கொடுத்து, சார்ஜ் ஏறும்வரை விட்டேன். மாமி நாற்காலியைக் கொண்டுவந்து போட்டுக்கொண்டு, நான் அளப்பதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

வலதும் இடதும் ஒரே அளவு. முள் ஒரு முடிகூட விலகவில்லை.

"என்ன சொல்றது?" என்று மாமி கேட்டாள்.

"ரெண்டும் நல்லா இருக்கு மாமி. பூச்சு அப்படியே நிக்கி."

மாமி இடது பேனல் பக்கம் திரும்பினாள்.

"அன்னிக்கு அது கெட்டுப் போயிருக்கப்படாதோ, தாணு" என்றாள்.